ஆள் அளவுக்கு ஒரு வாசல்

என் அக்காவை அவள் கணவர், என் மாமா, அடித்து நொறுக்கிவிட்டார் என்றுதான் இன்றுவரை எல்லோரும் பேசுகிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, பேசட்டும். அவர் அடித்ததை நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். அவர் அடித்தது சுவரை.

நான் அங்கே போனது ஒரு சனிக்கிழமை காலை. அவர்கள் வாங்கியிருந்தது பழைய வீடு. குடிவந்து இன்னும் பாதிப் பெட்டிகளைப் பிரிக்கவில்லை. கதவைத் திறந்ததுமே ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தும் அது போகமாட்டேன் என்கிறது என்று அக்கா சலித்துக்கொண்டாள்.

"வாடா. உள்ள உங்க மாமா வேஷம் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. சிரிச்சிடாத, ரோசப்படுவாரு."

சிரிக்காமல் இருக்க முடியவில்லை. வரவேற்பறை நடுவில் மாமா நின்றிருந்தார். முழங்காலுக்கு உறை, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, கழுத்தில் காதை மூடும் ஹெட்போன். காலடியில் புத்தம்புது உளி, சுத்தியல், சம்மட்டி. சம்மட்டியில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரைக்கூட உரிக்கவில்லை. ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடித்தால்கூட வளைத்துவிடுகிற மனிதர் அவர். ஒரு மாதமாக வீடியோ பார்த்துப் பார்த்துத் தலை வீங்கிப்போயிருந்தது.

"ஒரு கொத்தனாரக் கூப்பிட்டா என்ன மாமா?"

"எதுக்கு? தன் கையே தனக்கு உதவி. அந்த வீடியோல ஒரு சின்னப் பொண்ணு தனியா இடிக்குதுடா!"

இடிக்கப்போவது வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவர். பாரம் தாங்குகிற சுவர் இல்லையாம், அதையும் வீடியோ பார்த்தே தெரிந்துகொண்டாராம். முழுதாக எடுக்கப்போவதில்லை, நடுவில் ஒரு வாசல் மட்டும். அக்கா சமையலறையில் தனியாகக் கிடக்கிறாள், நாம் இங்கே உட்கார்ந்து சிரித்தால் அவளுக்குக் கேட்பதில்லை என்பதுதான் அவர் குறை. இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருந்தால், அவரைப் பற்றி இன்று பேசுகிற யாரும் அப்படிப் பேசமாட்டார்கள்.

முதலில் அளவு எடுக்க வேண்டும். அளவு நாடாவை இழுத்தார்; அது சட்டென்று சுருண்டு அவர் விரலைப் பதம் பார்த்தது. மறுபடி இழுத்தார், அளவை மறந்துபோனார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை வராமலே இருந்திருக்கலாம்.

"ஏய், இங்க வா. இந்தச் சுவத்துல சாஞ்சு நில்லு."

"எதுக்குங்க?"

"போகப்போறதும் வரப்போறதும் நீதானே? உன் அளவுக்குத்தான் வாசல். கைய லேசா விரிச்சுக்கோ."

அக்கா சிரித்துக்கொண்டே போய் நின்றாள். தச்சுப் பென்சிலால் மாமா அவள் குதிகாலில் ஆரம்பித்து, இடுப்பு, தோள், தலை என்று சுற்றிக் கோடு போட்டார். இடுப்பில் பென்சில் பட்டதும் அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு சொல்லுவாங்க. ரெண்டையும் ஒரே ஆளோட பண்ணணும்னு என் தலையெழுத்து" என்றாள்.

கோடு முடிந்ததும் விலகப் பார்த்தாள். பின்னல் சுவரோடு ஒட்டிக்கொண்டது. மாமா மெல்லப் பிரித்துவிட்டார்.

"சுவரு ஏன்டா இப்படிச் சில்லுனு இருக்கு?" என்று முதுகைத் தேய்த்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள்.

சுவரில் கோடு போட்ட உருவத்தின் தோள்பக்கம் ஒரு துருப்பிடித்த ஆணி இருந்தது. மாமா குறடால் அதைப் பிடித்து முறுக்கி இழுத்தார். ஆணி வந்த அதே கணத்தில் சமையலறையிலிருந்து அலறல். ஓடிப்போய்ப் பார்த்தோம். அக்காவின் தோளில் சிறியதாக ஒரு துளை, ரவிக்கையில் ரத்தம். அலமாரியில் எதுவோ நீட்டிக்கொண்டிருந்து குத்தியிருக்கும் என்று முடிவு செய்தோம். அலமாரி அவளுக்கு மூன்றடி தள்ளி இருந்தது. அதைக் கவனித்தேன்.

பிறகு மாமா உருவத்தின் வயிற்றுப் பகுதியில் பழைய பெயின்டைச் சுரண்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து நின்றாள். வயிறெல்லாம் எரிகிறதாம், தோல் சிவந்து கன்றிப்போயிருந்தது. தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று குளிக்கப் போனாள்.

சுரண்டிய இடத்தில் பெயின்டுக்கு அடியில் ஒரு கரிக்கோடு தெரிந்தது. நான் இன்னும் கொஞ்சம் துடைத்தேன். இன்னொரு உருவம். அக்காவைவிடக் குட்டை, கைகள் லேசாக விரிந்திருந்தன. நெஞ்சிலும் நெற்றியிலும் பழைய சிமெண்டால் அடைத்த ஒட்டுகள்.

"பாத்தியா! நமக்கு முன்னாடியே ஒருத்தன் இதே யோசனை பண்ணியிருக்கான். பாதியில விட்டுட்டுப் போயிட்டான், சோம்பேறி" என்றார் மாமா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுண்ணாம்பு வாடை அந்த இடத்தில் வேறு மாதிரி இருந்தது. கசாப்புக் கடையைக் கழுவிவிட்ட பிறகு வருமே, அந்த வாடை.

"மாமா, இன்னைக்கு வேணாமே."

"ஏன்டா, பயமா? போய் உங்கக்காவுக்குப் பாத்திரத்தை மூடிவைக்க உதவி செய். தூசி வரும்."

என்னை வெளியே அனுப்பிவிட்டு, தூசி பரவாமல் இருக்க வரவேற்பறைக் கதவு நிலை முழுக்கப் பாலித்தீன் ஷீட்டை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டினார். அதையும் வீடியோவில்தான் கற்றிருந்தார். ஹெட்போனைக் காதில் மாட்டினார். அதில் அந்த வீடியோக்காரரின் குரல் அவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. இனி வெளியே யார் கத்தினாலும் அவருக்குக் கேட்காது.

அக்கா குளித்துவிட்டுச் சமையலறை நடுவில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கும் அவளுக்கும் நடுவில் சாப்பாட்டு மேசை இருந்தது. நான் குழம்புச் சட்டியை மூடிக்கொண்டிருந்தேன்.

முதல் அடி விழுந்தது.

அக்காவின் இடது கை முழங்கைக்குக் கீழே மடங்கியது. மடங்கக்கூடாத பக்கம் மடங்கியது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

அவள் கத்தவில்லை. கையையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னடா இது?"

இரண்டாவது அடி.

அவள் நெஞ்சு உள்ளே அமுங்கியது. பக்கத்தில் யாரும் இல்லை, எதுவும் இல்லை. அவள் பின்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டு அலமாரியில் மோதிக் கீழே விழுந்தாள். வாயிலிருந்து ரத்தம் கொப்பளித்தது. சுவரிலிருந்து ஒரு துண்டுச் செங்கல்கூட எங்கள் பக்கம் விழவில்லை.

"மாமா! நிறுத்துங்க!"

மூன்றாவது அடி. விலா எலும்புகள் உடைகிற சத்தம், சுள்ளி ஒடிக்கிற சத்தம்தான், வேறு இல்லை.

ஓடினேன். ஷீட் குறுக்கே நின்றது. அதற்கு அந்தப் பக்கம் தூசிக்குள் மாமா நிழலாகத் தெரிந்தார். நகத்தால் கிழித்தேன், வழுக்கியது. பல்லால் கடித்துக் கிழித்தேன். டேப்போடு உள்ளே போய் விழுந்தபோது அவர் சம்மட்டியைத் தலைக்குமேல் தூக்கியிருந்தார். குறி, உருவத்தின் தலை.

யோசிக்க நேரமில்லை. சுவருக்கும் சம்மட்டிக்கும் நடுவில் கையை நீட்டினேன்.

என் கை உடைந்தது. அந்த வலியிலும் எனக்கு ஒரே நினைப்பு, சம்மட்டி சுவரில் படவில்லை என்பதுதான். மாமா திகைத்து மறுபடி ஓங்கினாரா, தடுமாறினாரா தெரியாது. மற்றக் கையில் அகப்பட்ட சுத்தியலால் அவர் முகத்தில் அடித்தேன். மூக்கு சிதைந்தது. மேலே விழுந்து மறுபடி அடித்தேன். ஹெட்போன் தெறித்து விழுந்தது. அதற்குள்ளிருந்து அந்தக் குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது: "பயப்படாமல், சீராக அடியுங்கள்."

"பைத்தியமாடா உனக்கு?" என்றார் மாமா, வாயெல்லாம் ரத்தத்தோடு.

"அக்காவைப் போய்ப் பாருங்க."

அவர் போனார். அந்தப் பக்கமிருந்து ஒரு ஓலம் வந்தது. ஒரு ஆண் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

உருவத்தின் நெஞ்சு இருந்த இடத்தில் சுவர் திறந்திருந்தது. உள்ளே செங்கல் இருக்க வேண்டும். ஈரமான இருட்டுதான் இருந்தது. அந்த இருட்டு மெல்ல உப்பி, மெல்லத் தணிந்தது. நான் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கையையும் மாமாவின் மூக்கையும் பார்த்த டாக்டரம்மாவுக்குக் கதை விளங்கிவிட்டது. கட்டியவன் மனைவியை அடித்திருக்கிறான், தம்பி தடுக்கப் போயிருக்கிறான். அக்கா மூச்சுத் திணறத் திணற, "அவரு என்னைத் தொடவே இல்ல" என்றாள்.

"அடி வாங்குற எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க" என்றார் டாக்டரம்மா. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் உடைந்த விலா எலும்பு கிழித்த நெஞ்சுக் காயத்தில் ரத்தம் நிற்கவில்லை. தைத்தார்கள், தையல் பிரிந்தது. மறுபடி தைத்தார்கள்; மறுபடி பிரிந்தது. ரத்தம் ஏற்ற ஏற்ற வெளியே வந்துகொண்டே இருந்தது. இனி தாங்காது என்று ஒரு நர்ஸ் இன்னொருவரிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பழைய உருவத்தின் ஒட்டுகள் எதற்கு என்று புரிந்தது.

மாமாவைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"வீட்டுக்குப் போங்க. அந்த ஓட்டைய அடைங்க."

"அவளை இந்த நிலைமைல விட்டுட்டா?"

"உங்களுக்குக் கும்பிடு போடறேன் மாமா, போங்க. ஒரு பொட்டு இடைவெளி இல்லாம அடைங்க."

போலீஸ் வருவதற்குள் அவர் போய்விட்டார். ஓடிப்போய்விட்டான் பார், குற்றவாளி என்று எல்லோரும் பேசினார்கள். அவர் வீட்டில் சிமெண்டு பூசும் கரணையைத் தூக்கி எறிந்துவிட்டு, வெறுங்கையால் சிமெண்டை அள்ளி அள்ளி அப்பிக்கொண்டிருந்தார். நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பஞ்சில் ஊறிய சிவப்பு மெல்ல வெளுத்தது. காயத்தின் ஓரங்கள் ஒன்றையொன்று தேடி வந்து சேர்ந்தன. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். காயம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தகடுபோல் தோல் மூடியிருந்தது. தொட்டால் சொரசொரப்பு, கல்லின் குளிர்ச்சி.

அக்கா பிழைத்துக்கொண்டாள். இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். மாமாமேல் அவள் புகார் கொடுக்காததால் அவரை விட்டுவிட்டார்கள். அவர் அந்த வீட்டை விற்கவில்லை. வாங்குகிறவன் ஒரு படம் மாட்ட ஆணி அடித்தால் போதுமே. வேலையை விட்டுவிட்டு அந்தச் சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தினமும் போனில் அக்காவிடம் பேசுவார். "சாப்பிட்டியா?" என்பார். "நீங்க?" என்பாள். பிறகு இரண்டு பேரும் வைக்க மனசில்லாமல் போனைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

இன்று மத்தியானம் என் போனுக்குக் கூப்பிட்டார். குரல் கிசுகிசுத்தது.

"டேய், உங்கக்கா எங்க?"

"இதோ, பக்கத்துலதான். வெண்டைக்காய் நறுக்கறா. ஏன்?"

"அடைச்ச இடத்துல சத்தம் கேக்குது."

"நீங்க ஏதாவது பண்ணீங்களா மாமா?"

"சத்தியமா நான் தொடலடா. உள்ள இருந்து தட்டுறாங்க. உளி வச்சுத் தட்டுறாங்க."

என் பக்கத்தில் கத்தி கீழே விழுந்தது.

அக்கா இரண்டு கைகளாலும் நெஞ்சைப் பிடித்திருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"தம்பி, இங்க கைய வச்சுப் பாருடா" என்றாள்.

வைத்தேன். அந்தச் சாம்பல் தோல் சில்லென்றிருந்தது. அடியில் அவள் இதயம் தாறுமாறாகத் துடித்தது. அதற்கும் அடியில், அவசரமே இல்லாமல், சீராக ஒரு தட்டல். ஒன்று. இன்னொன்று.

"யாருங்க அது?" என்று போனில் மாமா அந்தச் சுவரிடம் கேட்பது எனக்குக் கேட்டது.

என் உள்ளங்கைக்கு அடியில் மெல்லிய விரிசல் ஒன்று விட்டது.