கடல் பக்க ஜன்னல்

இந்த ஊரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. மனைவிக்குத் துறைமுக மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்ததால் மகளையும் தூக்கிக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டோம். வந்த வாரமே தாழ்ப்பாள் துருப்பிடித்தது, தீப்பெட்டி நமுத்தது, துவைத்த சட்டை மூன்று நாளாகியும் காயவில்லை. யாரிடம் சொன்னாலும் ஒரே பாட்டுதான்: "பழகிடும்."

அந்தப் பாட்டுக்குத் தலைவி கீழ் வீட்டுத் தையல்கார அக்கா. முதல் நாளே மாடியேறி வந்து, கடல் பக்க ஜன்னலில் செருகியிருந்த மரக்கட்டையைக் காட்டினார்.

"இத எடுத்துடாதீங்க தம்பி. ஒரு விரல் அளவாவது தெறந்தே இருக்கட்டும். இந்தத் தெருவுல எல்லா வீட்லயும் அப்படித்தான்."

"எதுக்கு?"

"உள்ள வர்றது அந்த வழியாத்தான் வெளிய போகும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். நான் ஏசி மெக்கானிக். பதினாறு வருடமாக அறைகளின் இடுக்குகளை அடைத்துப் பிழைப்பவன். எனக்கே பாடம் எடுக்க வந்துவிட்டார், ஜாக்கெட் தைக்கிறவர்.

ஞாயிறு மதியம் கட்டையைப் பிடுங்கி எறிந்தேன். ஜன்னலைச் சாத்தி, சுற்றிலும் சிலிக்கான் பசை வைத்து அடைத்தேன். ஏசியைப் போட்டதும் அரை மணி நேரத்தில் அறை ஜில்லென்று ஆனது. இந்த ஜனங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நான் வர வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம். மனைவி டியூட்டிக்குப் போயிருந்தாள். ஏசியைக் காலையிலேயே அணைத்திருந்தேன். ஆனாலும் அதன் குழாயிலிருந்து வாளிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஏசித் தண்ணீருக்கு ருசியே கிடையாது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்புக் கரித்தது.

அறையில் நனைந்த சாக்கின் நாற்றம். தரையில் ஈரக் கால்தடங்கள். பெரியவை. ஜன்னல் வரை போய், அங்கே யாரோ வெகுநேரம் நின்றதுபோல் தேங்கி, திரும்பி, என் மகள் தூங்கிக்கொண்டிருந்த கட்டிலடியில் முடிந்தன.

ஐந்து வயதுக்காரி. அவள் தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. வாரித் தூக்கினேன். வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது.

மூச்சு இருந்தது. இழுத்து இழுத்து வந்தது.

"பாப்பா, என்னடா பண்ணுது?"

"அந்த மாமா வெளிய போகணுமாம்ப்பா," என்று கிசுகிசுத்தாள். "வழி இல்லியாம்."

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, பசையைக் கத்தியால் கிழித்தேன், நகத்தால் பிய்த்தேன். ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, "தெரியாம பண்ணிட்டேன், போயிடுங்க" என்று காலி அறையைப் பார்த்துக் கெஞ்சினேன். மனசுக்குள் அவ்வளவு வாய் பேசிய மெக்கானிக்கின் குரல் எனக்கே கேட்கவில்லை.

கடல் காற்று உள்ளே வந்தது. கீழே தையல் மிஷின் சத்தம் சட்டென்று நின்றது. மெதுவாக மகளின் மூச்சு சீரானது, உதட்டில் நிறம் திரும்பியது. எனக்குப் போன உயிர் வந்தது.

"போயிட்டாராடா?"

அவள் என் தோளுக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்தாள். யாரோ சொல்வதைக் கேட்பவள்போல் தலையாட்டினாள்.

"இல்லப்பா. போகலியாம். இப்ப இந்த வீடு பழகிடுச்சாம்."

என் சட்டையின் முதுகில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது.