தெளிஞ்சிட்டியாண்ணா?

“உன் பேரு இன்னாண்ணா?”

வழக்கமான கேள்விதான். அதைக் கேட்டுத்தான் கிருஷ்ணப்பன் கண் விழித்தான். ஆனால் அது தலைமாட்டிலிருந்து வரவில்லை, முன்சீட்டிலிருந்து வந்தது.

அவன் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். ராத்திரி டூட்டி முடிந்தும் மாற்று ஆள் வராத நாட்களில், திருவொற்றியூர்ப் பக்கம் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பின்னாலிருக்கும் ஸ்ட்ரெச்சரிலேயே படுத்துவிடுவான். தூக்கக் கலக்கத்தோடு ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஊருக்கே ஆபத்து என்பாள் கூட வரும் நர்ஸ் தேவகிருபை. பிடிவாதக்காரி. அவன் நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட்டைப் போட்டு, கைக்கு எட்டாதபடி அடியில் மாட்டிவிடுவாள். எழுந்ததும் கேட்கிற கேள்விகளுக்குச் சரியாகச் சொன்னால்தான் அவிழ்த்துவிடுவாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் முன்னாலிருந்து பதில் வந்தது.

“கிருஷ்ணப்பன்.”

அவனுடைய குரல்.

“எங்க கீறோம்?”

“திருவொத்தியூர்ல.”

“தெளிஞ்சிட்டியாண்ணா?”

“தெளிஞ்சிட்டேன்மா.”

“அப்ப எடு வண்டிய. எர்ணாவூர்ல ஒரு அம்மாவுக்கு மூச்சு முட்டுதாம்.”

எல்லாம் கலக்கம்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். விழித்த கொஞ்ச நேரத்துக்குக் கண்ணையும் காதையும் நம்பாதே என்று அவள்தானே படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள்? கண்ணை மூடிக்கொண்டான். மத்தியான வெயிலில் காய்ந்த ரெக்சின் நெடியும், டெட்டால் வாசனையும், வெளியே வரிசைகட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளின் புகையும் ஒன்றாக மூக்கில் ஏற, அடியில் எங்கோ சக்கரங்கள் மெல்ல உருளத் தொடங்கி, தலைக்கு மேல் சைரன் அலறியது. இதோ தெளிந்துவிடும் என்று காத்திருந்தான். அந்த நேரத்தில் கத்தியிருக்கலாம்.

கண்ணைத் திறந்தான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஓட்டுநரின் பிடரி. அதில், காலையில் கிருஷ்ணப்பன் தன் பிடரியில் ஒட்டிக்கொண்ட அதே பிளாஸ்திரி.

பெல்ட்டோடு திமிறினான். குரல் எழும்பவில்லை. காலால் பக்கவாட்டுத் தகட்டை உதைத்தான்.

தேவகிருபை திரும்பினாள். கண்ணாடி வழியே நேராக அவன் முகத்தைப் பார்த்தாள்.

“பின்னால இன்னாமோ முட்டுதுண்ணா.”

“காலி ஸ்ட்ரெச்சர்தான. ஆடும்.”

அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டி நின்றது. பின்கதவு திறந்தது. வெயில். நாலு பேர் ஒரு கிழவியைப் போர்வையோடு தூக்கி வந்தார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ஒருவரும் பார்க்கவில்லை.

இறக்கினார்கள். அவன் மேலேயே.

வியர்வையில் நனைந்த முதுகு அவன் மூக்கையும் வாயையும் மூடியது. தேவகிருபை பின்னால் ஏறி இன்னொரு பெல்ட்டைச் சுற்றிப் போட்டு இறுக்கினாள். கதவைச் சாத்தினார்கள்.

“யம்மாடி,” கிழவி திணறினாள். “எனுக்கு அடியில யாரோ கீறாங்கடி. மூச்சு வுடுறாங்க.”

“மயக்கத்துல அப்டித்தாம்மா தோணும்,” என்றாள் தேவகிருபை, அவள் நெற்றியைத் தடவியபடி. “செத்த நேரத்துல நின்னுடும்.”