கறுப்புச் சதுரம்

காரில் போன நான்கு பேரில் மூன்று பேர்தான் வீடு திரும்பினோம். அப்பா ஆபரேஷன் அறைக்குள் போனார்; திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு 'ஆபரேஷன்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை.

ஆனால் டாக்டர் எடுத்துவிட்டார். விபத்துக்குப் பின் என் தங்கை கடுகு இடது காலை நுனிவிரலில்தான் ஊன்றினாள்.

"கெண்டைக்கால் தசை அளவுக்கு மீறி இழுத்தா, ஆபரேஷன்தான். முதல்ல அளந்து பார்த்துடலாம்" என்றார் டாக்டர்.

கடுகுக்கு ஆறு வயது. ஆள் சிறிசு, வாய் பெரிசு. ஆனால் அளக்கப் போன அன்று அந்த வாய் திறக்கவே இல்லை.

நடை அளக்கும் கூடம் நீளமாக, சில்லென்று இருந்தது. சுவர் முழுக்கக் கேமராக்கள். அளவெடுக்கும் அக்கா அவள் கால்களில் கோலிக்குண்டு போன்ற பளபளப்பான உருண்டைகளை ஒட்டினார்.

"தசைக்குள்ள போய்ப் பார்க்க முடியாது, கண்ணு. நீ நடக்கறதைக் கேமரா பார்க்கும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறேன்னு தரை சொல்லும். ரெண்டையும் வச்சு, எந்தத் தசை எவ்வளவு இழுக்குதுன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடும். சும்மா நட, போதும்."

தரையின் நடுவில் ஒரு கறுப்புச் சதுரம். அழுத்தத்தை அளப்பது அதுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கடுகின் காதில் கிசுகிசுத்தேன்.

"அதுக்கு நட்டநடுவுல காலை வை. தப்பா வச்சா ஆபரேஷன்."

அவள் முகம் வெளுத்தது. சதுரத்தையே வெறித்தபடி நடந்தாள். காலை எட்டி நீட்டி, விரல்களால் அழுத்தி மிதித்தாள்.

திரையில் ஓர் எலும்புக்கூடு அதே மாதிரி நடந்தது. அதன் கெண்டைக்காலில் இருந்த தசைக்கோடு தணலாகச் சிவந்தது.

"அம்மாடி! இப்படி இழுக்குதே" என்று முணுமுணுத்தார் அக்கா. அம்மா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சொன்னால் திட்டு விழும். சொல்லாவிட்டால் கடுகும் அந்த அறைக்குள் போவாள்.

"அக்கா, அவ இப்படி நடக்க மாட்டா. நான்தான் சதுரத்தைப் பார்த்து மிதின்னு சொன்னேன்."

அம்மா முறைத்தாள். அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சதுரம் எதுக்குன்னு தெரியக் கூடாதுன்னுதானே நாங்க வாயைத் திறக்கறதில்ல! இனி அதை எப்படி மறப்பா?"

நான் கூடத்தின் மறுகோடிக்கு ஓடினேன்.

"கடுகு! உன் பெஞ்சுக்காரி உன் ரப்பரை என்ன பண்ணினா? என்னைப் பார்த்துச் சொல்லிக்கிட்டே வா."

அவள் தயங்கினாள். பிறகு வாய் திறந்தது.

"முதல்ல எடுத்தா, அண்ணா. அப்புறம் எடுக்கவே இல்லைன்னா. கடைசியில பார்த்தா, கடிச்சு வச்சிருக்கா!"

போனாள், வந்தாள். புகார் முடியவில்லை. ஒன்பதாவது நடையில் இடது கால் தானாகவே சதுரத்தில் விழுந்தது. அவள் கவனிக்கவே இல்லை.

நான் திரையைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

"திறந்து பாருடா" என்றார் அக்கா. சிவப்பு இருந்தது. ஆனால் தணலாக இல்லை, வெளிறியிருந்தது.

மறுவாரம் டாக்டர் சொன்னார்: "இப்போதைக்குக் கத்தி வேண்டாம். பயிற்சி போதும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி அளக்கலாம்."

"ஆறு மாசமா? அந்த அக்கா ரப்பர் கதையை இன்னும் முழுசாக் கேக்கலையே!" என்றாள் கடுகு.

பஸ் நிறுத்தம் வரை மீதியை என்னிடம் சொல்லிக்கொண்டே நடந்தாள். நான் ஒரு தடவைகூடக் குனிந்து அவள் காலைப் பார்க்கவில்லை.