ஒரு வரிகூட விடாமல்

கதையைப் படித்துக் காட்டுகையில் கோமளம் ஒரு வரியைக்கூடத் தாண்டவில்லை. பட்டாபிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

எழுபதுகளில் வாரப் பத்திரிகைகளில் வந்த விஞ்ஞானச் சிறுகதைகளைக் கிழித்து, அவரே பைண்டு பண்ணி வைத்திருந்த தொகுப்பு அது. பத்து அறுவைக்கு ஒரு பிரமாதம் தேறும். அந்த ஒன்றுக்காக மீதியைச் சகித்துக்கொள்வதில் அவருக்கு ஒரு சுகம். செவ்வாயில் முருங்கை நட்டவன் கதை பிரமாதம். ரோபோ மாப்பிள்ளை பரவாயில்லை. சந்திரனுக்குப் போகிற கதையில் ராக்கெட் எரிபொருள் பற்றி இரண்டு பக்கம் பாடம் நடக்கும், சுத்த அறுவை. அந்த இடம் வந்தால் கோமளம், "ராக்கெட் போறதுன்னா போயிட்டுப் போறது, நமக்கென்ன" என்று கொத்தாகத் திருப்பிவிடுவாள்.

இன்று எரிபொருள் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்க்க வழியில்லை. இடது கண் சர்க்கரையில் எப்போதோ அணைந்துவிட்டது. வலது கண்ணின் விழித்திரை கிழிந்து, ஆபரேஷன் செய்து, உள்ளே காற்றடைத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும், தலையைத் தூக்கினால் பார்வை போச்சு என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். புதுப்பட்டினத்து மழை ஜன்னல் தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்க, தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தார். சொட்டு மருந்து வாங்கச் செங்கல்பட்டுக்குப் போவதாகச் சொல்லி, வழக்கம்போல வெளியே பூட்டிக்கொண்டு கோமளம் கிளம்பியது நினைவிருந்தது. சாப்பிட்ட அசதியில் தூங்கிப்போனார். விழித்தபோது படிக்கும் குரல் கேட்டது. அதற்குள் வந்துவிட்டாளே என்று சந்தோஷப்பட்டார்.

அவள் குரல்தான். ஆனால் பக்கம் புரளும்போது வளையல் சத்தம் இல்லை. அவளிடம் எப்போதும் இருக்கும் மஞ்சள் வாசனைக்குப் பதில், நாள்பட மூடி வைத்த பானையைத் திறந்ததுபோல ஒரு நெடி. இன்னொன்றும் மெல்லத்தான் பிடிபட்டது. அரைப் பக்கம் நீளும் வாக்கியத்தை அது மூச்சு வாங்காமல் படித்தது. அடுத்ததையும்.

"கோமளம், இந்த அறுவையை விடேன்."

குரல் நிற்கவில்லை.

கைக்கருகே போன் அடித்தது. தடவி, பட்டனை அழுத்திக் காதில் வைத்தார்.

"ஏன்னா, எழுந்துண்டேளா? திருக்கழுக்குன்றத்துல ரோடெல்லாம் தண்ணி. பஸ் அப்படியே நிக்கறது. தலையைத் தூக்கலையே?"

படிப்பு நின்றது. கட்டில் விளிம்பு லேசாக அமுங்கியது. பட்டாபி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று சொன்னால் அவள் பதறி ஓடி வருவாள்.

"நீ வராதே. அங்கேயே யாராத்துலயாவது இரு."

"நன்னாருக்கு. சாயங்கால மருந்து போடாட்டா கண்ணு என்னாறது? ஆட்டோ பிடிச்சாவது வரேன்."

"கோமளம், சொன்னாக் கேளு..."

லைன் போய்விட்டது. திரும்ப அழைக்கத் தடவினார். போன் அங்கே இல்லை.

எரிபொருள், விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தது. இப்போது காதுக்குப் பக்கத்தில்.

அவர் அசையவில்லை. பெருமாளே, அவள் வரக் கூடாது. பஸ் அங்கேயே நிற்கட்டும். மழை விடக் கூடாது. கண்ணுக்கு மருந்தே வேண்டாம்.

மழை விட்டது.

தெருவில் ஆட்டோ. கேட் கிறீச்சிட்டது. செருப்பை உதறும் சத்தம். பூட்டில் சாவி.

"ஏன்னா, வந்துட்டேன்."

கண் போனால் போகட்டும். கத்துவதற்காகத் தலையைத் தூக்கினார்.

ஒரு கை பின்னந்தலையில் படிந்தது. நர்ஸ் அழுத்துவதுபோல, வலிக்காமல், தலையணைக்குள் அமுக்கியது. ஈரமான நீண்ட விரல்கள் நெற்றியைச் சுற்றி வந்து மூக்கடியில் சந்தித்தன. வாய் நிறையத் துணி. அவர் அலறல் பஞ்சுக்குள்ளேயே அடங்கியது.

அவர் தலைக்கு மேலே, அவருடைய குரல் பேசியது. அதே கரகரப்பு. அதே கேலி.

"வா வா. உனக்குன்னே ஒரு அறுவையை எடுத்து வெச்சிருக்கேன்."

"ஐயோ, ராக்கெட்டா?" என்று கோமளம் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து உள்ளே வந்து, பழக்கதோஷத்தில் தாழ்ப்பாள் போட்டாள்.