பறந்தால் ஆறு கிலோமீட்டர்

பென்னாகரத்துக்கு வடக்கே காட்டுக்குள் இரண்டு ஊர்கள். பெயர் வேண்டாம். நடுவில் பெரிய பள்ளம். பறவை நேராகப் பறந்தால் ஆறு கிலோமீட்டர். ரோட்டில் சுற்றிப் போனால் முப்பத்தெட்டு. அந்தப் பக்கம் வாடகைக்குக் கார் ஓட்டுகிறவன் நான்.

போன மாசி மாதம், புளி வியாபாரி நிசார் அகமது பாயை முதல் ஊருக்குக் கூட்டிப் போயிருந்தேன். மதியம் எதிர் ஊரிலிருந்து அவர் தம்பி ஜாவீத் போன் செய்தார். அம்மா இறந்துவிட்டார்.

"சாயந்தரம் அஸர் தொழுகை முடிஞ்சதும் எடுத்துருவோம்ணே. வெயிலு தாங்காது. வெரசா வாங்க."

பாய் பின் சீட்டில் ஏறினார். பள்ளத்துக்கு அப்பால் அந்த ஊர்ப் பள்ளிவாசல் வெள்ளையாகத் தெரிந்தது.

"உன் வண்டி பறக்காதா ஆனந்து?" அழுதுகொண்டே சிரித்தார். "எல்லாத்துக்கும் லேட்டா வர்ற, என்னைய குழியில எறக்கவாச்சும் நேரத்துக்கு வாடான்னு அம்மா திட்டும்."

மகன் குழிக்குள் இறங்கி உடலைக் கையில் வாங்கி வைப்பது அவர்கள் வழக்கம். அவன் மேலே ஏறியதும் பலகை அடுக்கி மண்ணைத் தள்ளுவார்கள்.

"ஒரு மணி நேரந்தாங்க பாய். சேத்துடறேன்."

இறக்கத்தில் ஒரு புளியமரம், பக்கத்தில் உடைந்த பாலச்சுவர். இன்னும் இருபது நிமிடம் என்று செல்போன் காட்டியது. அடுத்த வளைவிலும் இருபது. அதற்கடுத்த வளைவிலும் இருபது.

அதே புளியமரம். அதே பாலச்சுவர்.

வண்டியை நிறுத்தினேன். கதவு திறக்கவில்லை. கண்ணாடியும் இறங்கவில்லை. வெளியே நல்ல வெயில். வண்டிக்குள் மட்டும் இருட்டிக்கொண்டு வந்தது. ஈரமண் வாசனை. அதோடு கற்பூரமும் பன்னீரும்.

கூரைமேல் சொத்தென்று ஏதோ விழுந்தது.

பலகைமேல் மண் விழும் சத்தம்.

மறுபடி. மறுபடி. பிறகு நிற்கவேயில்லை.

"மூடறாங்க ஆனந்து," பாய் கிசுகிசுத்தார். "நான் உள்ளதான் இருக்கேன்னு சொல்லு."

ஹாரன் அடித்தேன். சத்தமே வரவில்லை. மூச்சு முட்டியது. அந்தோணியாரைக் கூப்பிட்டபடி சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். எப்படியோ இஞ்சின் பிடித்தது.

ஊருக்குள் நுழைந்தபோது ஆட்கள் அடக்கம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சட்டையெல்லாம் மண்ணாக ஜாவீத் வந்தார்.

"எங்கண்ணே போயிட்டீங்க? அம்மாவ வாங்கி வெச்சது நீங்கதானே!"

"அவரு இவ்ளோ நேரம் என்கூட வண்டியிலதாங்க இருந்தாரு," என்றேன்.

ஜாவீத் முகம் மாறியது. "எறங்குனத எல்லாரும் பாத்தோம்." பிறகு மெதுவாக, "மேல ஏறுனத… நான் பாக்கலண்ணே."

பாய் கைகளை விரித்துப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் செம்மண்.

அன்று அவரை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினேன். இப்போது தருமபுரியில் கடையோடு இருக்கிறார். நன்றாகத்தான் பேசுகிறார். அந்த ரோட்டுப் பக்கம் மட்டும் வருவதில்லை.

எனக்குப் பிழைப்பே அந்த ரோடுதான். போகாமல் முடியாது.

நேற்றும் காலி வண்டியோடு அந்தப் புளியமரத்தைத் தாண்டினேன். ஈரமண் வாசனை வந்தது. பின் சீட்டிலிருந்து, என் காதுக்குப் பக்கத்தில் பாயின் குரல்:

"இன்னும் எவ்ளோ நேரம் ஆனந்து?"