ஏழாம் நம்பரின் சீம்பால்

ஏழாம் நம்பர் ஆடு காலையிலிருந்து இடது காதைக் கம்பியில் தேய்த்துக்கொண்டே இருந்தது. பவானேஸ்வரி இரண்டு முறை உண்ணி பார்த்தாள், ஒன்றுமில்லை. எரிச்சல் எரிச்சலாக வந்தது. வேலைக்குக் கிளம்புமுன் வீட்டில் பசியாறும்போது ஆறு வயது மகன் தினேஸ்வரனும் அதே காதைத்தான் பிராண்டிக்கொண்டிருந்தான்.

சிம்பாங் அம்பாட்டில் இருந்த அந்தப் பண்ணையில் ஆடுகள் மருந்து சுரந்தன. மனித ஆன்டிபாடிக்கான மரபணுவைக் கருவிலேயே ஆட்டுக்குள் வைத்துவிடுவார்கள். அது வளர்ந்து குட்டி போட்டதும் பாலோடு அந்தப் புரதமும் இறங்கும். தொட்டியில் வெள்ளெலி உயிரணுக்களை வளர்த்து எடுப்பதைவிட இது சுலபம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். எங்கே சுலபம்? ஏழாம் நம்பரின் பாலில் மட்டும் புரதம் தேறவேயில்லை. மூன்று வாரமாக, பால் கறக்கும் பவானேஸ்வரிக்குத்தான் திட்டெல்லாம் விழுந்தது. இன்று மூன்று மணிக்கு ஊசி போட்டு ஆட்டை முடித்துவிடச் சொல்லி உத்தரவு வந்திருந்தது.

அவள் செய்த தப்பு வேறு. குட்டி போட்ட முதல் மூன்று நாள் பாலைச் சிவப்புத் தொட்டியில் ஊற்றி அழிக்க வேண்டும். எஸ்டேட்டில் வளர்ந்தவளுக்கு ஏழாம் நம்பரின் சீம்பாலைக் கீழே ஊற்றக் கை வரவில்லை. பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுபோய், சீனியும் ஏலக்காயும் போட்டு அவித்தாள். அவளுக்கு ஒரு வாய்கூட மிஞ்சாமல் தினேஸ்வரன் கிண்ணத்தை வழித்து நக்கினான்.

மதியம், தகரக் கூரை வெயிலில் படபடக்க, மூத்திரமும் ஈர வைக்கோலும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை தொண்டையில் உட்கார்ந்துகொள்ள, ஊசிக்காக ஆட்டின் வலது முன்னங்காலைக் கம்பத்தில் இறுக்கிக் கட்டினாள். கைப்பேசி அடித்தது. வீட்டில் தினேஸ்வரனைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் நிர்மலாதேவி.

"அண்ணி, தினேஷு வலது கை மரத்துப்போச்சுன்னு அழுவுறான். மணிக்கட்டுல கயிறு கட்டுன மாதிரி செவந்து கெடக்கு."

பவானேஸ்வரி கயிற்றைப் பார்த்தாள். முடிச்சை அவிழ்த்தாள். கைப்பேசியில் கேட்ட அழுகை நின்றது.

"சரியாப் போச்சு அண்ணி. இப்ப சிரிக்கிறான்."

ஆடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மேனேஜர் கீதனின் அறைக்கு ஓடினாள். ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"வயித்துக்குள்ள போனா அது வெறும் புரதம்லா, அக்கா. செரிச்சுப் போயிரும்."

"ஒரு நாள் தள்ளிப் போடுங்க சார். என் புள்ள சார்."

"கேஎல் ஹெட் ஆபிஸ்ல கையெழுத்து வாங்கணும். வெட் டாக்டரு கொட்டகைக்குள்ள போயிட்டாரு." அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "இருங்க. பாலை வெளிய கொண்டு போனீங்களா? கார்டைக் குடுங்க மொதல்ல."

அவள் கழுத்திலிருந்த கார்டை அவனே கழற்றிக்கொண்டான். மேசையைப் புரட்டிப்போடலாம் போல ஆத்திரம் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு இதுதான் கிடைத்தது.

கொட்டகையின் கண்ணாடிக் கதவு கார்டு இல்லாமல் திறக்காது. தட்டினாள். உதைத்தாள். உள்ளே பெரிய விசிறிகளின் இரைச்சல். கால்நடை டாக்டர் திரும்பவில்லை. ஆட்டின் கழுத்தில் முடியை மழித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வீடியோவில் அழைத்தாள்.

"ஹால்ல தனியா நிக்கிறான் அண்ணி," என்றாள் நிர்மலாதேவி. "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான். கிட்டப் போகவே பயமா இருக்கு."

"அவனைத் தூக்கு! நிர்மலா, தூக்கு அவனை!"

திரை ஆடியது. நின்றது. தினேஸ்வரன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஊசியை எடுத்தார். இடது கையால் ஆட்டின் தாடையைப் பிடித்துத் தூக்கினார்.

தினேஸ்வரனின் முகம் மேலே போனது. பக்கத்தில் யாரும் இல்லை. தாடைக்குக் கீழே, பிஞ்சுச் சதையில், நான்கு விரல்கள் அழுத்திய பள்ளம். கழுத்து நரம்பு புடைத்தது. அதன்மேல், மெல்ல, ஒரு துளி ரத்தம் எழும்பியது.