நாலு காலில் நின்ற வீடு

பிற்பகல் 3.40.

ஹாலிஸ் லிண்ட்குவிஸ்ட் பிக்கப்பை நிறுத்திவிட்டு இறங்கினார். முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பாபி, நாம தப்பான இடத்துக்கு வந்துட்டோமா?"

"அடுப்புக் குழி இருக்கு. காலையில நீ கொட்டின காபி இருக்கு. இடமெல்லாம் சரிதான்யா" என்றபடியே இறங்கிய அவர் மனைவி பாபி சட்டென்று அலறினார். "வாஃபிள்! ஐயோ, என் வாஃபிள் உள்ள இருக்கானே!"

காலையில் இந்தப் புல்வெளியில் ஒரு வீட்டை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். பிக்கப்பின் தொட்டியில் ஏற்றிக்கொண்டு போகும் கேம்பர் வீடு. உள்ளேயே கட்டில், அடுப்பு, ஹீட்டர் எல்லாம் உண்டு. வேண்டாதபோது அதன் நாலு இரும்புக் கால்களையும் இறக்கி நிறுத்திவிட்டு, அடியிலிருந்து வண்டியை மட்டும் உருவிக்கொண்டு போகலாம். மேலே ஏரிக்குப் போகும் பாதை குறுகல், கேம்பரோடு போக முடியாது. ஆகவே அதை இங்கேயே நிறுத்திவிட்டு, மஞ்சள் பிடித்த ஆஸ்பென் மரங்களை வேடிக்கை பார்க்க இருவரும் ஏறிப்போனார்கள்.

இப்போது புல்லில் மிச்சமிருந்தவை கால்களுக்கு அடியில் வைத்த நாலு பலகைகள்தான்.

வீடு போனால் போகிறது, இன்ஷூரன்ஸ் தரும். உள்ளே மேல்கட்டிலில் பதின்மூன்று வயது வாஃபிள் தூங்கிக்கொண்டிருந்தது. காது சுத்தமாகக் கேட்காது, பின்னங்கால் இழுக்கும், இதயத்துக்குத் தினம் மாலை மாத்திரை. எப்போதும் முன்சீட்டில் கூடவே வரும் நாய், இன்றைக்குக் கால் வலி என்று படுத்துக்கொண்டது. இரவு பெரும்பனி என்று காலையிலிருந்தே ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. கொலராடோவின் இந்த மலையில் பனி இறங்கினால் பாதையை ஜூனில்தான் திறப்பார்கள்.

"நான்தான் விட்டுட்டுப் போகலாம்னு சொன்னேன்" என்றார் ஹாலிஸ்.

"ஆமா, நீதான் சொன்னே" என்றார் பாபி. அதற்கு மேல் அவரைத் திட்டக்கூடத் தெம்பில்லை.

4.35.

ஷெரீப் அலுவலகத்து டெபுடி இனெஸ் ஆர்ச்சுலெட்டா வந்து இறங்கினார். குள்ளமான பெண்மணி. பைன் கொட்டைகளைக் கொறித்துக்கொண்டே இருப்பார், தோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அவர் பேசிக் கேட்டதைவிட அவர் மெல்லும் சத்தத்தைக் கேட்டவர்கள்தான் அந்த மாவட்டத்தில் அதிகம். ஹாலிஸின் செயற்கைக்கோள் கருவியிலிருந்து செய்தி கிடைத்ததும், வரும் வழியிலேயே பாதி வேலையை முடித்திருந்தார்.

"கீழ போக ஒரே பாதைதான். அடிவாரத்துல வனவிலங்குக்காரங்க வேட்டை வண்டிகளை நிறுத்திச் சோதிக்கிறாங்க. காலையிலேர்ந்து ஒரு கேம்பர்கூட இறங்கல. அப்ப உங்க வீடு இந்த மலையிலதான் இருக்கு."

"மலையில எங்க?" பாபி கத்தினார்.

"பழைய சுரங்கப் பாதை மட்டும் நாப்பது இருக்கும்மா. அத்தனையும் தேடி முடிக்கறதுக்குள்ள பனி மூடிடும். அதனால தேட வேண்டியது வீட்டை இல்ல, எடுத்த ஆளை."

அவர் முதலில் போனது ஹாலிஸின் வண்டிக்குத்தான். தொட்டியின் பின்னால் வெறும் கீல்கள்.

"பின்கதவு எங்க?"

"ஊர்ல, கராஜ்ல. அதைக் கழட்டாம கேம்பர் தொட்டிக்குள்ள போகாதே" என்றார் ஹாலிஸ். "இன்னிக்கு வெறும் வண்டியா ஏறுறப்ப சாண்ட்விச் பெட்டி வழுக்கிப் பின்னால விழுந்துடுச்சு. மத்தியானம் பட்டினி."

"அங்க நாய் செத்துக்கிட்டிருக்கு, இவர் சாண்ட்விச்சுக்கு அழுவறாரு" என்றார் பாபி.

இனெஸ் சிரிக்கவில்லை. ஒரு கொட்டையை வாயில் போட்டுக்கொண்டார்.

புல்வெளியில் இவர்களைத் தவிர மூன்று பேர், மூன்று பிக்கப்புகள். முந்தின மாலைதான் எல்லோரும் கீழேயிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள். ஒரு மாதமாக மழையில்லை, வண்டிகளெல்லாம் புழுதியில் குளித்திருந்தன. பாபிக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த முகாமுக்குப் போனாலும் அக்கம்பக்கத்து வண்டிகளின் பின்கதவுப் புழுதியில் விரலால் வாஃபிளின் முகத்தை வரைந்துவிடுவார், நாக்குத் தொங்க. நேற்றிரவு நெருப்பைச் சுற்றி உட்காருமுன் மூன்று வண்டிகளிலும் வரைந்தாயிற்று.

ஓவியம் வரையும் ரெனாட்டா கோல்ப் தன் சின்னச் சிவப்பு வண்டியில் சாய்ந்து நின்றாள்.

"எங்க இருந்தீங்க?"

"கணவாய்ப் பக்கம். எட்டு மணிக்குப் போயி இப்பதான் வந்தேன். இந்த வண்டில அந்த வீட்டை ஏத்தினா அச்சு ஒடிஞ்சு நான்தான் ஓவியமாயிடுவேன், மேடம்."

நியாயந்தான். அவள் பின்கதவில் புதுப்புழுதி அப்பியிருந்தது. நாய்முகத்தில் ஒரு காது மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

வில்வேட்டைக்காரன் டுவெய்ன் கெட்னர் முகமெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூசியிருந்தான். பெரிய வண்டி. ஆஸ்பென் மரத்தடியில் நின்றதில் முன்மூடியும் கண்ணாடியும் மஞ்சள் இலையால் மூடிக்கிடந்தன. பின்னால் நாய்முகம் அப்படியே இருந்தது.

"விடியறதுக்குள்ள வில்லைத் தூக்கிட்டுப் போனேன். வண்டியத் தொடவே இல்ல."

"எல்க் மான் கிடைச்சுதா?"

"ஒண்ணு வந்துச்சு. என்னைப் பாத்து சிரிச்சிட்டுப் போயிடுச்சு."

மூன்றாவது ஆள் லைல் பிராதர். ஹாலிஸின் பழைய சிநேகிதர், இவர்களோடு சேர்ந்து வந்தவர். அவருடைய வண்டியும் பெரியதுதான், நீல நிறம். ராத்திரிக்குக் கூடாரம். காணாமல்போன கேம்பரே ஒருகாலத்தில் அவருடையதுதான். இரண்டு வருஷத்துக்கு முன், மனைவி பிரிந்துபோன சோர்வில், ஹாலிஸுக்கு விற்றுவிட்டார். வாஃபிளுக்கு உலகத்திலேயே இரண்டாவதாகப் பிடித்த மனிதர். அவர் சட்டைப்பையில் எப்போதும் நாய் பிஸ்கட் இருக்கும்.

"ஐஸ் வாங்க ஊருக்குப் போனேன்" என்றார் லைல். முகம் வெளுத்திருந்தது. "பதினொரு மணிக்குக் கிளம்பறப்ப கேம்பர் இங்கதான் நின்னுது. மூணு மணிக்கு வந்து பாத்தா இல்ல. இவங்களே நகத்திட்டாங்களோன்னு நினைச்சேன்."

அடிவாரச் சோதனைக்காரர்களும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். மதியம் இறங்கினார், ஐஸோடு ஏறினார். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

இனெஸ் நீல வண்டியைச் சுற்றி வந்தார். பின்சீட்டில் ஐஸ் மூட்டைகள் உருகி, இருக்கைத் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தொட்டி காலி. பின்கதவில் வாஃபிள் நாக்கைத் தொங்கவிட்டுச் சிரித்தது, கோடுகளுக்குள் நீலப் பெயின்ட் பளிச்சிட்டது. கீழே பம்பரில் இருந்த நம்பர் பலகை படிக்கவே முடியாதபடி புழுதி. இனெஸ் கட்டைவிரலால் துடைத்துத்தான் எண்ணைப் படித்தார்.

"டெபுடி, நாம நின்னு பேசிட்டிருக்கோம், அங்க நாய் விறைச்சுப் போயிடும்" லைல் பதறினார். "என்னை விடுங்க. வடக்குப் பாதையெல்லாம் எனக்குத் தெரியும். நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"நானும் வரேன்டா" என்றார் ஹாலிஸ்.

"வேணாம், நீ பாபி கூட இரு. நான் தனியாவே போறேன்."

"யாரும் எங்கயும் போக வேண்டாம்" என்றார் இனெஸ்.

பாபிக்கு ரத்தம் கொதித்தது. "உதவி பண்ண வர்றவனையும் தடுப்பீங்களா? நீங்க கொட்டையைக் கொறிச்சுக்கிட்டே இருங்க, என் பிள்ளை அங்க சாகட்டும்!"

5.10. மேற்கே முகடு மறைந்துவிட்டது. காற்றில் ஈர வாசனை. லைல் வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி வானத்தைப் பார்த்தார். அவர் பார்த்ததையெல்லாம் இனெஸ் பார்த்தார்.

"மிஸ்டர் பிராதர், உங்க வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுங்க. என் ஜீப்பைத் திருப்பணும்."

லைல் ஏறி ரிவர்ஸ் போட்டார். கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, பின்னால் பார்த்தபடி நகர்த்தினார். ஜன்னலோரம் கூடவே நடந்த இனெஸ் உள்ளே எட்டிப்பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். கொட்டைத் தோலைச் சட்டைப்பையில் போட்டார்.

"போதும், இறங்குங்க. கெட்னர், உங்களை ஒண்ணு கேக்கறேன். மண்பாதைல வண்டி ஓடினா எந்தப் பக்கம் அதிகமாப் புழுதி படியும்?"

"பின்பக்கம். சக்கரம் கிளப்பற புழுதியெல்லாம் சுருட்டிக்கிட்டு அங்கதான் வந்து அப்பும். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்."

"ரெனாட்டா வண்டில நாய்முகம் அழிஞ்சு போச்சு. ஏன்னா அவ வண்டி ஓடிச்சு. உங்க வண்டில அழியல. ஏன்னா நீங்க வண்டியத் தொடல, இலை மூடிக் கிடக்கு. சரி, மிஸ்டர் பிராதர் வண்டி ரெண்டு மணி நேரம் புழுதில ஓடியிருக்கு. சோதனைக்காரங்களே பாத்திருக்காங்க. நம்பர் பலகைல எண்ணே தெரியல. அதுக்கு ஒரு சாண் மேல வாஃபிள் ஒரு பொட்டுப் புதுத் தூசியில்லாம சிரிக்கிறான். எப்படி?"

பாபி மெதுவாகத் திரும்பித் தான் வரைந்த முகத்தையே பார்த்தார்.

"வண்டி ஊருக்குப் போச்சு. பின்கதவு போகல" என்றார் இனெஸ். "கழட்டி இங்கயே புதர்ல கிடந்துது. இந்த மலையில ஒரு மனுஷன் பின்கதவைக் கழட்டறது எதுக்கு?"

"கேம்பர் ஏத்த" என்றார் ஹாலிஸ்.

"காலையில எல்லாரும் போன பிறகு ஏத்தி, எங்கயோ மலையிலயே நிறுத்திட்டு, அங்கேர்ந்து அப்படியே சாட்சிக்கு ஐஸ் வாங்கப் போனாரு. தொட்டில போட்டா வழியில கொட்டிடும், உங்க சாண்ட்விச் மாதிரி. அதான் நல்ல சீட்டை நனைச்சுக்கிட்டு வந்தாரு. வந்ததும் கதவை மாட்டினாரு. அவசரத்துல ஒரு வயரைச் சொருக மறந்துட்டாரு. பின்கதவுலதான் கேமரா இருக்கு. ரிவர்ஸ் போட்டதும் திரையில படம் வரணும். உள்ள கரேல்னு இருக்கு. அதனாலதான் கழுத்தை நீட்டினாரு."

"லைல்... டேய்..." ஹாலிஸ் ஒரு அடி முன்னால் வந்தார். "இல்லன்னு சொல்லுடா."

லைல் தலையைக் குனிந்துகொண்டார்.

"புதர்ல போர்வை விரிச்சு, நாய்முகம் மேல இருக்கற மாதிரி கதவைப் படுக்க வெச்சிருப்பீங்க" என்றார் இனெஸ். "கை பட்டுப் படம் அழிஞ்சா பாபி கண்டுபிடிச்சிடுவாங்கன்னு பயம். பொத்திப் பொத்திக் காப்பாத்தினீங்க. அது அழியாததுதான் உங்களைக் காட்டிக்கொடுத்துச்சு."

லைல் வண்டிப் படியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"சில்வர் ஹீல் சுரங்கம். தகரக் கொட்டகைக்குள்ள நிறுத்தியிருக்கேன். பனி மூடிட்டா ஜூன் வரைக்கும் யாரும் வரமாட்டாங்க. அதுக்குள்ள உங்களுக்கு இன்ஷூரன்ஸ் வந்துடும். யாருக்கும் நஷ்டமில்லைன்னு நினைச்சேன். எத்தனை தடவை திருப்பிக் குடுன்னு கேட்டேன், ஹாலிஸ்? அந்த வீட்லதான் நானும் என் மனைவியும் பன்னெண்டு இலையுதிர்காலம் சுத்தினோம். அதை நான் வித்திருக்கவே கூடாது." கையால் முகத்தை மூடிக்கொண்டார். "வாஃபிள் உள்ள இருக்கான்னு சத்தியமாத் தெரியாது, பாபி. அவன் எப்பவும் உங்க கூடத்தானே வருவான். நீங்க அழுதப்பதான் தெரிஞ்சுது. தனியா விட்டிருந்தா அப்பவே போய்த் தூக்கிட்டு வந்திருப்பேன்."

"வாயை மூடு. வழியைக் காட்டு" என்றார் பாபி.

கைவிலங்கு மாட்டி லைலை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஜீப் பறந்தது. பின்னாலேயே ஹாலிஸின் வண்டி. முதல் வளைவிலேயே பனித்துகள் கண்ணாடியில் மோத ஆரம்பித்தது. இடது, இடது, ஓடையைத் தாண்டி வலது என்று லைல் சொல்லிக்கொண்டே வந்தார். ஓடையில் ஜீப்பின் பின்சக்கரம் சிக்கிச் சுழன்றது. "முதல் கியர், முதல் கியர்!" என்று அவரே கத்தினார். கொட்டகைத் தகரம் கண்ணில் பட்டபோது பாதையே வெள்ளையாகியிருந்தது.

உள்ளே கேம்பர் நாலு காலில் நின்றது. கால்களுக்கு அடியில் பலகை வைத்து, மட்டம் பார்த்து, அழகாக நிறுத்தியிருந்தார்.

பாபியின் கையில் சாவி இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை கதவு திறந்தது. உள்ளே ஐஸ்பெட்டிக் குளிர். மேல்கட்டிலில் போர்வைக் குவியல் ஒன்று. அசைவில்லை.

"வாஃபிள்..." கூப்பிட்டு என்ன பயன், அதற்குத்தான் காது கேட்காதே. பாபி ஏறிப் போர்வைக்குள் கையை விட்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

குவியலிலிருந்து நரைத்த மூக்கொன்று வெளியே வந்தது. கொட்டாவி விட்டது. திருடு போனதோ, மலையேறினதோ, மாவட்டமே அல்லோலகல்லோலப்பட்டதோ எதுவும் அதற்குத் தெரியாது. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது மட்டும் தெரிந்திருந்தது. அந்தக் கோபத்தோடு பாபியைப் பார்த்தது.

பாபி அதைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். ஹாலிஸ் வாசலில் நின்று, "மாத்திரை, மாத்திரையைக் குடு" என்று சொல்லிக்கொண்டே அவரும் அழுதார். மணி ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது.

கீழே இறக்கிவிட்டதும் வாஃபிள் பின்னங்காலை இழுத்துக்கொண்டு கிளம்பியது. இனெஸைத் தாண்டியது, ஹாலிஸைத் தாண்டியது, நேராக லைலிடம் போய் நின்று அவர் சட்டைப்பையை நோக்கி மூக்கைத் தூக்கியது. வால் அடித்துக்கொண்டது.

லைலின் கைகள் முதுகுக்குப் பின்னால் விலங்கில் இருந்தன. அவர் குனிந்து பார்த்தார்.

"இடது பையில இருக்கு" என்றார். "யாராவது எடுத்துக் குடுங்களேன்."

ஹாலிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாபிதான் வந்தார். லைலின் முகத்தைப் பார்க்காமல் பைக்குள் கையை விட்டு, ஒரு பிஸ்கட்டை எடுத்து, வாஃபிளுக்குக் கொடுத்தார். மிச்சமிருந்ததை அந்தப் பைக்குள்ளேயே திருப்பி வைத்தார்.